வெறும் நாற்காலியைப் பார்த்து வரைந்தவர்

"காணாமல் போன கொண்ணனைப் படமாக் கீறுவிச்சு என்ன காணப்போறாய்? படிச்ச பிள்ளை கதைக்கிற கதையே இது?" என்றார் சித்தப்பா.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் பிரெஞ்சை நம்பி, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு மேல்மாடியில் இருந்த அல்ஜீரிய ஓவியரிடம் போனேன்.

நரைத்த தாடி, பெயின்ட் காய்ந்த விரல்கள். சுவரெங்கும் அவர் ஊரில் கொல்லப்பட்ட நண்பர்களின் முகங்கள். எல்லோரையும் ஒரு வெறும் நாற்காலியைப் பார்த்தே வரைந்தாராம்.

ஊரில் காணாமல் போன என் அண்ணையின் புகைப்படத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நாற்காலியைப் பார்த்து அரபியில் ஏதோ சொல்லி, அதிலிருந்து என் கண்ணுக்குத் தெரியாத யாரோ எழும்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு தூரிகையுடன் வெகுநேரம் காத்திருந்தார்.

"மன்னியுங்கள். இறந்தவர்கள்தான் இந்த நாற்காலியில் வந்து உட்காருவார்கள். உங்கள் அண்ணன் வரவில்லை."

அவரை நம்பலாமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணையின் உயரத்துக்கு ஒரு விண்டர் கோட் வாங்கிவிட்டேன்.