அருவியில் குளித்த பிளசர்

அன்றைக்குத் தென்காசி மைதானத்தில் அப்பா இருந்தார், வண்டி ஓட்ட மாமா இருந்தார், காகிதங்களோடு நான் இருந்தேன். அம்மா வரவில்லை. மெக்கானிக்கும் வரவில்லை, சுரண்டையில் ஒரு கல்யாணம் என்று சொல்லியனுப்பிவிட்டார். ஆடி மாதத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்று அந்தப் பரபரப்பில் எங்களுக்குத் தோன்றவில்லை.

செங்கோட்டைக்கு மேலே மலைப்பாதையில் உருண்டு கிடந்த பிளசர் காரை, உழவு மாடுகளை விற்று அப்பா வாங்கியிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் தட்டி, நிமிர்த்தி, வேறொரு வண்டியின் முன்பக்கத்தைப் பற்றவைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று. இனி பிரேக் இன்ஸ்பெக்டர் மைதானத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்து, ஓடத் தகுதியானது என்று எப்.சி. கொடுக்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பெயர் ஏற வேண்டும். அதன் பிறகுதான் குற்றாலத்தில் டாக்சி ஓட்டலாம். சீசனோ பாதி போய்விட்டது. இந்த முறை இன்ஸ்பெக்டர் தள்ளிவிட்டால், அவர் அடுத்து தென்காசிக்கு வருவதற்குள் அருவியே வற்றிவிடும். மாடும் இல்லை, காரும் இல்லை என்றாகிவிடும்.

அம்மாவின் கவலை வேறு. "மலையில உருண்ட வண்டி. தோசம் கழியாம எவனும் அதுல போகப்படாது. அருவித் தண்ணியில குளிப்பாட்டிக் கொண்டு போங்க."

வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். "இரும்புக்கு ஏதும்மா தோசம்?" என்றேன்.

"உன் படிப்ப ஆணியில மாட்டுலே."

விடியற்காலையில் இலஞ்சியிலிருந்து குற்றாலம் போய், அருவிக்குக் கீழே ஆற்றில் சக்கரம் முங்க வண்டியை இறக்கினோம். மாட்டைத் தேய்த்த பழக்கத்தில் அப்பா வைக்கோலை எடுத்தார். "அத்தான், புதுப் பெயிண்டு!" என்று மாமா அலறினார். பிறகு தென்காசிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் சாரல், ரோட்டில் ஆளில்லை. மாமா ஒரு முறைகூட பிரேக்கைத் தொடவில்லை.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர் செருப்பு முனையால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். "வேகமா வந்து இதுல நிறுத்து."

மாமா வேகமாக வந்தார். கோடும் வந்தது. வண்டி நிற்கவில்லை. அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "ஹோ! ஹோ!" என்று எதிரே ஓடினார். அது மணல் குவியலில் முட்டித்தான் நின்றது.

"அவரு என்ன, மாட்டையா நிறுத்துதாரு?" என்றார் இன்ஸ்பெக்டர். "பிரேக்கே இல்லையே. அடுத்த தடவை பாக்கலாம்."

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்வதே நல்லது என்று நினைத்தேன். "பிரேக் இருக்கு சார். காலையில அருவியில குளிப்பாட்டினோம், அதான் நனைஞ்சுட்டு."

"வண்டியவா?"

"ஆமா சார். அம்மா சொன்னாங்க."

"எண்ணெய் தேச்சியளா?"

"இல்ல சார்."

நான் சிரிக்காமல் பதில் சொன்னது அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. மாமா குறுக்கே வந்தார். "பிரேக்க மிதிச்சுக்கிட்டே நாலு சுத்து சுத்தினா காஞ்சிரும் சார்."

"காய வையி. இந்தத் தடவ நானும் ஏறுதேன்."

நாலாவது சுற்றில் சக்கரங்களிலிருந்து இட்லிக் கொப்பரைபோல ஆவி வந்தது. இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கோடு நெருங்கியதும் "நிறுத்து!" என்றார். மாமா இரண்டு காலாலும் மிதித்தார். வண்டி நின்றது. இன்ஸ்பெக்டர் நிற்கவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி முன்கண்ணாடியில் மோதி இரண்டாகிக் கீழே விழுந்தது.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பிரேக்கு இருக்கு" என்றார்.

கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கண் தெரியாததால் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் நான் வாசித்தேன். புதிய சொந்தக்காரர் என்று அப்பா பெயரையும் சத்தமாக வாசித்தேன். நான் விரல் வைத்த இடத்தில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடிக்குப் பணம் வேண்டாம் என்று அவர் எவ்வளவோ சொன்னார். "கண்ணு தெரியாம எப்படி ஊரு போய்ச் சேருவிய?" என்று அப்பா அவரைக் கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்துப் போய்விட்டார். லஞ்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நான் அதற்கும் பில் கேட்டு வாங்கினேன்.

அன்றைய செலவு, எப்.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் முப்பத்தெட்டு ரூபாய், மூக்குக்கண்ணாடிக்கு எழுபத்தைந்து. ஆக நூற்றுப் பதின்மூன்று ரூபாய்.