உருகாத ஃபியூஸ்

போர்டு அக்கா என்றுதான் தெரு முழுக்க அவளுக்குப் பெயர். துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில், அந்த இயந்திரங்களுக்கு உள்ளே போகும் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சோதித்துப் பழுது பார்க்கும் மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள். தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றியபோது கூட வேலை பார்த்தவர்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பிப் போனார்கள். அவளால் அப்படி முடியவில்லை. கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் சாலையில். மாடியில் அவருடைய தங்கை, விவாகரத்தாகிப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். இந்த வீட்டைப் போட்டுவிட்டு எங்கே போவது?

"வேலைதானே போச்சு, கை போகலையே" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைக் காலி செய்தாள். ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, மேலே குனிந்து பார்க்கிற மாதிரி ஒரு விளக்கு, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். அதற்குப் பிறகுதான் உண்மையான யோசனை வந்தது. என்னென்ன சாமான் வாங்கி வைப்பது?

புதிதாகக் கடை போடுகிறவர்கள் விலை கூடிய ஐ.சி. சில்லுகளாகப் பார்த்து வாங்கி அடுக்கி, அது தூசி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அந்த ஆசை இல்லை. தொழிற்சாலை மேசையில் தன் கையில் எது அடிக்கடி செத்துப்போய் வந்தது என்று யோசித்தாள். உப்பிப்போகிற கெபாசிட்டர், கருகுகிற ரெசிஸ்டர், டையோடு, ரிலே, ஸ்விட்ச், நைந்துபோன பவர் கார்டு. இவை இருந்தால் வருகிற சாமான்களில் முக்கால்வாசிக்குப் பதில் சொல்லிவிடலாம். அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் டப்பாக்களில் அவற்றைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பட்டையான பேனாவால் எழுதி ஒட்டினாள்.

நாத்தனார் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தாள். "என்ன அண்ணி, கலர் கலரா கோடு போட்ட அரிசி! இது வேகுமா?"

"அது ரெசிஸ்டர். வேகாது. வெந்துபோனதைச் சரி பண்ணும். கொட்டிடாம வை."

அந்தப் பட்டியலில் ஃபியூஸும் உண்டு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, இரண்டு முனையிலும் தொப்பி போட்ட கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் அந்தக் கம்பி உருகி அறுந்து, சாமானையும் வீட்டையும் காப்பாற்றும். வழக்கமான கடையில் அன்றைக்கு ஃபியூஸ் தீர்ந்துபோயிருந்தது. எதிர்ச் சாரியில் தள்ளுவண்டியில் ஒருவர் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, தொப்பியில் அளவும் பொறித்திருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வேலை மெல்லச் சூடு பிடித்தது. வாசலில் சாமான்களை வாங்கி வைப்பது நாத்தனாரின் பொறுப்பு. அவள் வாங்கி வைத்தாளோ இல்லையோ, வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்துவிடுவாள். உள்ளே சால்டரிங் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் போர்டு அக்காவுக்கு அந்தப் பேச்சு காதைத் துளைக்கும்.

"சாமானை வாங்கி வைன்னா, அவங்க குடும்பக் கதையையும் சேர்த்து வாங்கி வைக்கிறியே!"

"கதைக்கு எடம் வேணாமே அண்ணி. உங்க டப்பா எதுலயும் கை வைக்கலையே நான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு காலை, மேசைமேல் யாருடையதோ பேட்டரி சார்ஜர் திறந்து கிடந்தது. பழைய ஃபியூஸ் போயிருந்ததால் தன் டப்பாவிலிருந்து ஒன்றைப் போட்டு, மின்சாரம் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த இடுக்கி வழுக்கி, சார்ஜரிலிருந்து மின்சாரம் வெளியே வரும் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது. 'டப்' என்று ஃபியூஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை. சார்ஜருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. வார்னிஷ் தீய்கிற வாடை, பின்னாலேயே புகை. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

புகை ஜன்னல் வழியாகப் போய் முடிகிற வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு ஃபியூஸைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தாள். உள்ளே இருந்த கம்பி தலைமுடி கனம் இருக்க வேண்டியது. பொத்தான் தைக்கிற நூல் கனம் இருந்தது. தொப்பியில் மட்டும் ஒரு ஆம்பியர் என்று கூசாமல் எழுதியிருந்தது.

ஒன்று மட்டும் கோளாறாக இருக்கலாமே என்று மனம் கெஞ்சியது. கணவர் கொண்டுவந்து போட்டு வைத்திருந்த பேட்டரியையும் லாரியின் முன்விளக்கு பல்பு ஒன்றையும் எடுத்துவந்தாள். நடுவே ஒரு ஃபியூஸ். அந்த பல்பு இழுக்கிற மின்சாரத்துக்கு ஒரு ஆம்பியர் ஃபியூஸ் தாங்கவே கூடாது. பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. இன்னொன்றை மாற்றினாள். எரிந்தது. டப்பாவின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். அதற்கும் எரிந்தது. அறையெல்லாம் வெளிச்சம், அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

டப்பாவில் பாதி காலி. அந்தப் பாதி யார் யார் வீட்டிலோ, சுவர் ஓரத்தில், கட்டில் பக்கத்தில், குழந்தைகள் தூங்குகிற அறையில் இருக்கிறது.

விஷயத்தைக் கேட்ட நாத்தனாரின் முகம் வெளுத்துப்போனது. "போய்ச் சொன்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க அண்ணி?"

"என்ன வேணா நினைக்கட்டும். வீடு பத்திக்கிட்டா நினைக்கிறதுக்கே ஆள் இருக்க மாட்டாங்க."

"சரி, யாருக்கெல்லாம் போட்டீங்க?"

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். போர்டைப் பார்த்தால் அவளுக்கு மறக்காது. ஆள் முகம் நினைவில் நிற்காது. "ஒரு ஆம்ப்ளிஃபயர், வலது பக்கம் கருகியிருந்துச்சு. ஒரு எடை மெஷின், உள்ள முழுக்க மாவு. மருந்தைப் புகையா விடுமே, அந்த மூச்சு மெஷின் ஒண்ணு. இன்னும் இருக்கு... யாரோடதுன்னு எனக்கு எங்க தெரியும்?"

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆம்ப்ளிஃபயர் டான்ஸ் டீச்சரோடது. அன்னிக்கு அவங்களுக்குக் கால்ல சுளுக்கு. மாவு இருந்த மெஷின் பேக்கரிக்காரர்; மச்சானோட பேச்சுவார்த்தை இல்ல அவருக்கு. மூச்சு மெஷின் அந்த நர்ஸம்மா, சின்னப் பையனுக்கு வீசிங். நீங்க சாமானைச் சொல்லுங்க, நான் ஆளைச் சொல்றேன்."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. போர்டு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருக்கிற நம்பர்களுக்கெல்லாம் பேசி, சாமானைப் பிளக்கிலிருந்து கழற்றி வைக்கச் சொன்னார்கள். வழக்கமான கடையில் புது ஃபியூஸ் வந்திருந்தது. வாங்கி வந்ததும் அதையும் அந்த பல்போடு சேர்த்துப் பார்த்தாள். பல்பு ஒரு கணம் மின்னியது, கண்ணாடிக்குள் ஒரு பொறி, அவ்வளவுதான், அணைந்துவிட்டது. விளக்கு அணைந்ததற்கு இரண்டு பெண்கள் கை தட்டியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

பையில் திருப்புளியும் ஃபியூஸும் போட்டுக்கொண்டு வீடு வீடாக இறங்கினார்கள். நர்ஸ் வீட்டுக்குத்தான் முதலில் போனார்கள். ராத்திரி வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். கருவியைத் திறந்து பார்த்தாள் போர்டு அக்கா. எல்லாம் ஒழுங்காக இருந்தது, எங்கேயும் சூடு பட்ட அடையாளமே இல்லை. பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழற்றிய திருகாணிகளைத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். "வந்து சொன்னீங்களே, அதுவே போதும்" என்றாள் நர்ஸ், கொட்டாவியை அடக்கிக்கொண்டே.

டான்ஸ் டீச்சர் சிரித்துக்கொண்டே ஆம்ப்ளிஃபயரை நகர்த்திக் கொடுத்தாள். பேக்கரிக்காரர் அப்படி இல்லை. வாடிக்கையாளர்கள் எதிரிலேயே குரலை உயர்த்தினார். "தெரியாம போட்டேன்னு சொன்னா ஆச்சா? கடை எரிஞ்சிருந்தா யாரு பொறுப்பு?"

"நான்தான்" என்றாள் போர்டு அக்கா. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெஷினை நகர்த்தினார், அவள் மாற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் அவர்கள் வாசல் பக்கம் வரவே இல்லை.

கடைசியாக ஒரே ஒருவர் பாக்கி. டெய்லர், பெரிய மர ரேடியோ. அவர் நம்பர் எடுக்கவில்லை. கடைக்குப் போனால் ஷட்டரில் பூட்டு. போர்டு அக்கா ஷட்டரைத் தட்டிப் பார்த்தாள். தையல் கடை, துணி, பஞ்சு, நூல், கூடவே அந்த ரேடியோ.

"இருங்க, இருங்க" என்றாள் நாத்தனார். "ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்ல வேற இடம் பாத்திருக்கேன்னு சொன்னாரு. மாடிப்படி ஏற வேணாம், முட்டி தப்பிச்சுதுன்னாரு."

பஸ் பிடித்துப் போய் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில் நாலைந்து கடை தள்ளி, ஒரு கதவிடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. போர்டு அக்கா பையை நாத்தனார் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அந்த வயதில், அந்த உடம்போடு அவள் அப்படி ஓடுவாள் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள். கதவைத் தள்ளினால், ஈரத் துணியை விரித்து, டெய்லர் நிதானமாகக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆவி மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா, அளவு எடுக்கணுமா?" என்றார் அவர்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரேடியோ... ரேடியோ எங்க?"

மூலையில் வெட்டுத் துணிக் குவியலைக் காலால் விலக்கிக் காட்டினார். கழுத்து வரை துணியில் புதைந்து கிடந்தது ரேடியோ. இதைவிட மோசமான இடத்தை யாரும் யோசித்துக்கூட வைக்க முடியாது. பின்னால் கையை விட்டு ஒயரைத் தேடி இழுத்தாள். ஒயர் முழுசாகக் கைக்கு வந்தது, முனையில் பிளக்கோடு.

"அதைப் போடவே இல்லம்மா இன்னும்" என்றார் டெய்லர், கொஞ்சம் கூச்சத்தோடு. "இங்க இருக்கிறதே ரெண்டு பிளக். ஒண்ணு மெஷினுக்கு, ஒண்ணு இஸ்திரிப் பெட்டிக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க நல்லாத்தான் சரி பண்ணிக் குடுத்தீங்க."

பின்னாலேயே வந்து சேர்ந்த நாத்தனார் அப்படியே துணிக் குவியல்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தும் நிற்கவில்லை. போர்டு அக்காவும் ரேடியோவின் தலைமேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். எதற்கு என்று புரியாமலேயே டெய்லரும் சேர்ந்துகொண்டார். ஃபியூஸை மாற்றிய பிறகு, அவரை அன்றைக்கு மட்டும் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றவைத்து ரேடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். யாரோ நாளைக்கு மழை வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் மிச்சம் இருந்த போலி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கட்டிங் பிளேயரால் நசுக்கிக் குப்பையில் கொட்டினாள். காலையிலேயே விஷயம் தெரிந்திருந்த கணவர் லாரியிலிருந்து பேசினார். "எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. யார் வீட்லயும் ஒண்ணும் ஆகலைங்க."

"நீ சாப்பிட்டியா?"

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைவே வந்தது. சாப்பிட்டுவிட்டு, அறைக்குப் போகாமல், கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வெறும் தரையில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ ஒரு டேபிள் ஃபேனோடு வந்து நின்றார்கள். நாத்தனார் கதவைப் பாதி சாத்தியபடி, இதுவரை யாரும் அவளிடம் கேட்டிராத தணிந்த குரலில் சொன்னாள்: "நாளைக்கு வாங்க. அண்ணி இப்பத்தான் தூங்கறாங்க."