மூடாத திமிங்கலம்

என் மனைவிக்கு வீட்டுக் கதவைப் பூட்டுகிற பழக்கம் கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் யோசிப்பாள், ஆனால் திரும்பிப் போய்ப் பார்க்க மாட்டாள். அதே ஆள், சுவரில் ஒரு மீன் வரைந்தால், மூக்கிலிருந்து வால்வரை கோட்டின்மேல் விரலை ஓட்டி, எங்கேயாவது இடைவெளி விட்டிருக்கிறோமா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பாள். வீடு திறந்து கிடக்கலாம், மீன் திறந்து கிடக்கக் கூடாது. இப்படி ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறேன்.

காரணம் என் மச்சினன், அவளுடைய தம்பி. முப்பதைத் தாண்டிவிட்டான், இன்னும் தெருவே அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறது. அவனைவிடச் சின்னவர்களும் தம்பி என்கிறார்கள். அவனுக்கு ஆட்டிசம். சத்தம் ஆகாது. உடைந்த பிஸ்கட் ஆகாது. நான் வண்டியில் பாட்டுப் பாடினால் ஆகாது. கடைசியாகச் சொன்னதற்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமில்லை, என் மனைவிக்கும் அது ஆகாது.

அக்காவும் தம்பியும் சேர்ந்து சுவர்களில் படம் வரைகிறார்கள். மழலையர் பள்ளி, நூலகம், பிள்ளைகள் காத்திருக்கிற ஆஸ்பத்திரி வராண்டா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். அக்கா சாக்பீஸில் வரைந்து, அதன்மேல் கறுப்பு பெயிண்டில் கோடு போடுவாள். தம்பி உள்ளே வண்ணம் நிரப்புவான். அவளுக்குக் கை வேகம், பொறுமை கிடையாது. ஒரே இழுப்பில் குதிரை ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் வண்ணத்தையும் அவளே அடித்தால் அந்தக் குதிரைமேல் யாரோ துடைப்பத்தால் பெருக்கிய மாதிரி இருக்கும். அவன் நிரப்பினால் பிரஷ் பட்ட இடமே தெரியாது. கீழ் இடது மூலையில் ஆரம்பிப்பான், அவசரமே இல்லாமல் மேலே ஏறுவான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு கோடு போட்டதில்லை. போடச் சொன்னால் பிரஷ்ஷைக் கழுவப் போய்விடுவான்.

மூன்றாவது ஆள் நான். சொந்தமாக ஒரு லோடு வண்டி ஓட்டுகிறேன். ஏணி, வாளி, தரையில் விரிக்கிற பழைய விரிப்பு எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவது என் பொறுப்பு. பெயிண்ட் கலக்குவதும் நான்தான். ஒரு வண்ணத்தை மொத்தமாக ஒரே வாளியில் கலக்க வேண்டும். பத்தவில்லை என்று இன்னொரு முறை கலந்தால், எனக்கும் உங்களுக்கும் அது அதே நீலம், அவனுக்கு வேறு. வாளியை எட்டிப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். நான் பெண் கேட்டுப் போனபோது என் மாமனார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

விரல் ஓட்டுகிற வழக்கம் ஓர் ஆமையால் வந்தது. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மழலையர் பள்ளியில் ஆமை வரைந்தாள். பின்னங்காலில் கோட்டை முடிக்க மறந்துவிட்டாள். கோடு எங்கே தடுக்கிறதோ அதுவரை வண்ணம் என்பது தம்பியின் கணக்கு. காலில் தடுக்கவில்லை. ஆமைப் பச்சை கால் வழியாக வெளியே வந்து, வானத்தில் ஏறி, ஜன்னல் சட்டத்தில் முட்டித்தான் நின்றது. நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தபோது தலைமை ஆசிரியை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்கு வாங்கின பாட்டுக்குப் பிறகு, அவள் விரலை ஓட்டித் தலையாட்டினால்தான் அவன் பிரஷ்ஷை நனைப்பான் என்று ஆயிற்று. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவே அவர்களுக்குள் படிந்துவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் சித்தி வந்து கல்லைப் போட்டார். சித்தி என்றால் என் மனைவியின் அம்மாவுடைய தங்கை. அம்மா போன பிறகு இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவர். அதனால் அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை, நானும் எதிரே இருக்கும்போது தட்டுவதில்லை. அவருக்குத் தெரிந்தவர் அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறார். தம்பியைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், வேன் வந்து அழைத்துப் போகும், பெட்டி மடிக்கிற வேலை, அமைதியான இடம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் இடம் உண்டு. நீ வரைகிறாய், அது உன் திறமை, அவன் உன் நிழலில் நின்று பெயிண்ட் அடிக்கிறான், நாளைக்கு உனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவன் கையில் என்ன இருக்கும் என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். அதனால்தான் அது நேராகப் போய்க் குத்தியது.

அவனையே கேட்டால் போயிற்று என்பீர்கள். கேட்டோம். எதைக் கேட்டாலும் அவன் சொல்வது ஒன்றுதான். பெட்டி கம்பெனிக்குப் போகிறாயா என்று கேட்டாள். "சரி" என்றான். அக்காகூடவே இருக்கிறாயா என்றாள். அதற்கும் "சரி." எனக்கு உன் வீட்டை எழுதிக் கொடுக்கிறாயா என்று நான் கேட்டுப் பார்த்தேன். தயங்காமல் "சரி" என்றான். பிடிக்காததைத் தள்ளி வைப்பானே தவிர, வேண்டாம் என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரம் முழுக்க என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அவனுக்கு இது பிடிச்சிருக்கா? இல்ல, நான் பிரஷ்ஷைக் கையில குடுத்தேன், அதனால நிக்கிறானா? நாளைக்கு வேற யாராவது கோடு போட்டு நிறுத்தினா, அங்கயும் இப்படியே நிப்பானோ?"

நான் ஏதாவது கிண்டலாகச் சொல்லியிருக்கலாம். பதிலாக ஒரு துணியை எடுத்து, அவள் கழுவி வைத்த பாத்திரங்களைத் துடைத்தேன்.

இந்த நிலையில்தான் பல் டாக்டரின் கிளினிக் வேலை நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் உட்காருகிற அறையில் சுவர் முழுக்கக் கடல். டாக்டரம்மா நல்லவர், ஆனால் தொழில் புத்தி விடவில்லை. சுறாவுக்குப் பல் வரிசை கோணலாக இருக்கிறது என்று அழித்துவிட்டு வரையச் சொன்னார். ஆக்டோபஸுக்குப் பல்லே இல்லையே என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். உள்ளே மெஷின் சத்தம் கேட்கும் என்பதால் தம்பி காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே வேலை செய்தான். அவன் நிரப்பிய கடல் மட்டும் மெஷினில் அச்சடித்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை திமிங்கலம் பாக்கி. என் மனைவி வரைந்தாள், கறுப்புக் கோடும் போட்டாள். வழக்கமான கைதான், ஆனால் மனசு அங்கே இல்லை. வால் பக்கம் வந்தபோது போன் அடித்தது, சித்தி. அவள் பிரஷ்ஷை அப்படியே வைத்துவிட்டு வராண்டாவுக்குப் போனாள். விரல் ஓட்டவில்லை. தலையும் ஆட்டவில்லை.

தம்பி சாம்பல் நிற வாளிக்குப் பக்கத்தில் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றான். நனைக்கவில்லை. டாக்டரம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், மதியத்துக்குமேல் பிள்ளைகள் வருவார்கள் என்று நினைவுபடுத்தினார். எனக்குப் பதற்றம். சத்தம் தாங்கவில்லையோ என்று ஹெட்ஃபோனைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நான் கலந்த சாம்பலில் குறையோ என்று வாளியைப் பார்த்தேன். அவன் வாளியைப் பார்க்கவே இல்லை. திமிங்கலத்தின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு அங்கே கோடே இல்லை.

அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவள் கோடு போடுவதைப் பார்க்கிறேன், இந்த அளவுகூட எனக்கு வராதா? அவளுடைய கறுப்புப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, நகரு தம்பி, மாமா மூடிடறேன் என்று சுவரிடம் போனேன்.

அவனுக்கு யாரையும் தொடப் பிடிக்காது. அப்படிப்பட்டவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். நல்ல பிடி.

"வேண்டாம்" என்றான்.

ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததால் சத்தமாகவே சொன்னான். உள்ளே டாக்டரம்மாவின் மெஷின்கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, அது இருந்த இடத்திலேயே, இருந்த திசையிலேயே வைத்தான்.

"வேண்டாம் மாமா. அக்கா போடட்டும்."

சொல்லிவிட்டு மறுபடி வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிற நிற்பு அது. கோடு எதுவானாலும் நிரப்புகிறவன் என்றால் என் கோடு போதாதா அவனுக்கு? ஆமைக்குப் பச்சை அடித்த அந்தக் காலத்துத் தம்பி என்றால் இந்நேரம் டாக்டரம்மாவின் கதவுக்கும் சாம்பல் அடித்திருப்பான். இவன் வேலையை நிறுத்திவிட்டு, கூட வேலை செய்கிறவளுக்காகக் காத்திருக்கிறான். எனக்குக் கொஞ்சம் அவமானம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திரும்பினால் என் மனைவி வாசலில் நிற்கிறாள். போன் காதில். அவள் எப்போது வந்தாள் என்று தெரியாது, ஆனால் கேட்டுவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. வாரம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்த முகத்தில் சிரிப்பும் வந்து உட்கார்ந்திருந்தது. போனில் சித்தி, என்னம்மா, வேனை வரச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சித்தியின் குரல் எங்கே இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கும்.

"இல்ல சித்தி" என்றாள். "அவன் வேண்டாம்னு சொல்லிட்டான்."

சித்தி நம்பவில்லை. அவனா, வாயைத் திறந்தா என்று கேட்டார். ஆமாம் என்றாள். நீ சொல்லிக் கொடுத்தாயா என்றார். இல்லை என்றாள். சித்தி விடவில்லை.

"அப்படி எதைடி வேண்டாம்னான்?"

என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க மாப்பிள்ளையைத்தான், சித்தி."