கறுப்பு ஒயினும் ஜூஜுனா அக்காவின் பயறும்

உப்பு போடுவதற்கு முன் ஜூஜுனா அக்கா ஒரு வாய் ஒயின் எடுத்துக்கொள்கிறார். விழுங்குவதில்லை. வலது கன்னத்தில் அதக்கி வைத்துக்கொண்டு, மரக்கரண்டியால் சட்டியின் அடியிலிருந்து நாலு பயறை அள்ளி, ஊதி, இடது கன்னத்தில் போட்டு மெல்லுகிறார். பிறகு கண்ணை மூடி இரண்டையும் சேரவிடுகிறார். அந்த நேரத்தில் கடை தீப்பற்றினாலும் அவரிடம் சொல்லிப் பயனில்லை. கண்ணைத் திறந்ததும் கை உப்பு ஜாடிக்குள் போகும். எவ்வளவு என்று கேட்டால், "நானா போடுறேன்? அது கேக்குது, குடுக்கறேன்" என்பார்.

எங்கள் ஊரான தெலாவியில், சந்தைக்குப் பின்புறம், வேன்கள் நிற்கிற இடத்தை ஒட்டி, நாலு மேசை போட்ட கடை. எதிரில் என் மருந்துக்கடை. பதினாறு வருஷமாக எனக்குப் பகல் சாப்பாடு அங்கேதான். என் மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு. இரண்டு முறை அங்கே சாப்பிட்ட பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. குட்டையான உருவம், அகலமான மணிக்கட்டு, முன்பற்களில் எப்போதும் லேசான ஊதா நிறம். பல் டாக்டர் ஒருவர் அதை வெளுத்துத் தருவதாகச் சொன்னார். "வெளுத்துட்டா நான் என்ன தொழில் பண்றேன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டு, அவருக்கு ஒரு தட்டுப் பயறு வைத்து அனுப்பிவிட்டார்.

கடையில் மாமிசம் கிடையாது. இதற்குப் பின்னால் சோகக் கதை ஏதாவது இருக்கும் என்று நானும் பல வருஷம் நூல் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "பிடிக்கல, அவ்வளவுதான். உனக்கு ஊசி பிடிக்காது, எனக்குக் கறி பிடிக்காது." மருந்துக்கடைக்காரன் ஊசிக்குப் பயப்படுகிறான் என்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்ததும் அவர்தான்.

ஆனால் கடையில் சபெராவி என்ற திராட்சையின் ஒயின் உண்டு. கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரியாது. இந்தத் திராட்சையின் ஒயினை எங்கள் ஊரில் யாரும் சிவப்பு என்று சொல்வதில்லை, கறுப்பு என்றுதான் சொல்வோம். கறுப்பு என்றால் கூடவே கறி வேண்டும். வெட்டிப்போட்ட திராட்சைக்கொடியை எரித்து, அந்தத் தணலில் பன்றியையோ ஆட்டையோ கம்பியில் கோத்துச் சுட வேண்டும். இந்தப் பக்கத்து ஆண்கள் இதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள். அதனால் அக்காவைச் சீண்டுவது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

"அக்கா, பயறுக்குப் போய்க் கறுப்பு ஒயினா? நல்ல குதிரையை வாங்கிக் கோழிக்கூண்டுல கட்டின மாதிரி இருக்கு" என்பார் வேன் ஓட்டுகிற ஜெமால்.

"கறியில அப்படி என்னடா இருக்கு?" என்று அக்கா கரண்டியோடு வெளியே வருவார். "கொழுப்பு இருக்கு, உப்பு இருக்கு, தீயில கருகின வாசனை இருக்கு. இதையெல்லாம் பன்னிக்கு மட்டும்தான் எழுதிக் குடுத்திருக்கா? கொழுப்பு வால்நட்டுல இருக்கு. கருகல் கத்தரிக்காய்த் தோல்ல இருக்கு. காஞ்ச காளானை ஊறவச்சு மோந்து பாரு, நீயே கறின்னு நெனச்சுக் கத்தியைத் தேடுவ. உப்புக்கு என் கை இருக்கு. பேசாம தின்னு."

ஜெமால் பேசாமல் தின்பார். அப்போதெல்லாம் வாரத்தில் ஐந்து நாள் தின்றார்.

அக்காவுக்கென்று சட்டங்கள் உண்டு. பச்சை மிளகாய்த் துவையல் கேட்பவருக்குக் கறுப்பு ஒயின் தரமாட்டார். "ரெண்டும் சேர்ந்து உன் நாக்கைத்தான் அடிக்கும். பீர் குடி." ஒருமுறை தலைநகர் திபிலிசியிலிருந்து வந்த ஒருவர், வழியில் வாங்கிய பொரித்த மீனைப் பொட்டலத்தோடு மேசையில் பிரித்து, கூட ஒரு குவளை சபெராவி கேட்டார். அக்கா குவளையைக் கொண்டுவந்து வைத்தார்; மீனைப் பார்த்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார். "மன்னிக்கணும் ஐயா. மீனோட இதைக் குடிச்சா வாயில ஆணியைப் போட்டுச் சப்பின மாதிரி இருக்கும். அப்புறம் என் தம்பி ஒயினைத்தான் திட்டுவீங்க."

அந்தத் தம்பிதான் தமாஸ். அவனை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது. தெலாவிக்குக் கீழே, அலசானி ஆற்றுப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு திராட்சைத் தோட்டமும், ஒயின் ஊறுவதற்காகத் தரையில் கழுத்துவரை புதைத்த நாலு தாழிகளும் அவனுக்குச் சொத்து. கல்யாணம் கட்டவில்லை. பேச்சும் குறைவு. அக்காவும் தம்பியும் நாளுக்கு இரண்டு முறை தொலைபேசியில் சண்டை போட்டுக்கொள்வார்கள். அது இல்லாத நாளில் அக்காவின் சமையலில் பூண்டு கூடிவிடும்.

போன வசந்தத்தில் தமாஸ் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அவனுடைய ஒயின் விலைபோகவில்லை. நகரத்து உணவுக்கடைக்காரர்கள் வந்து ருசி பார்த்து, முதுகில் தட்டிக்கொடுத்து, "கறிக்கு அருமையா இருக்கும், ஆனா இப்ப ஜனங்க கறியைக் குறைச்சுட்டாங்க" என்று கிளம்பிவிடுவார்கள். கடைசியாக ரேசோ என்று ஒருவர் வருவதாக இருந்தது. திபிலிசியில் பெரிய சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அவரும் வேண்டாம் என்றால் ஈஸ்டர் முடிந்த மறுவாரம் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, லாரி ஓட்டப் போலந்துக்குப் போய்விடுவது என்று தமாஸ் டிக்கெட்கூட எடுத்துவிட்டான்.

அக்கா இதை என்னிடம் சொன்னபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "போலந்துக்குப் போனவன் எவன் திரும்பி வந்தான்? எங்க மாமா பையன் ரெண்டு வருஷம்னு போனான், இப்ப பதினொண்ணு. இவனும் போய்ட்டா எனக்கு யாருடா இருக்கா?" வெங்காயத்தின் மேல் பழியைப் போட அவர் முயலவில்லை.

அந்தக் கடைசி ஆளைத் தமாஸ் புனித வாரத்துப் புதன்கிழமைக்கு வரச்சொல்லியிருந்தான். இப்படிப்பட்ட காரியத்தை அவனால் மட்டுமே செய்ய முடியும். தவக்காலத்தின் கடைசி வாரம். ஊரே கறியும் பாலும் முட்டையும் தொடாமல் கிடக்கிறது. அக்காவுக்கு அந்த வாரம் இன்னும் கடுமை. மற்ற நோன்பு நாட்களில் ஒயினைக் கொப்பளித்துத் துப்பியாவது உப்புப் பார்ப்பார். புனித வாரத்தில் நாக்கில் ஒரு சொட்டுக்கூட படக்கூடாது. கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது போலத்தான். அந்த ஒரு வாரம் அவருடைய சாப்பாடு எங்கள் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும்.

"பட்டணத்துக்காரன் நோன்பு இருக்கப் போறானாக்கும்!" என்று சொல்லி தமாஸ் ஐந்து கிலோ பன்றிக்கறி வாங்கி மசாலா தடவி வைத்துவிட்டான். அக்கா தன் சட்டிகளை என் காரில் ஏற்றினார். என்னையும் ஏற்றிக்கொண்டார். கார் என்னுடையதுதான்.

ரேசோ வந்தார். பெரிய ஆள், மெல்லிய குரல். தமாஸின் வீட்டு முற்றத்தில் கொடித் தணல் சிவந்து கிடந்தது. கம்பிகளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார். "ஐயையோ, எனக்கு இல்லீங்க. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆச்சு. பொழச்சு எழுந்தா முழு நோன்பு இருக்கேன்னு வேண்டிக்கிட்டேன். ஒயினுக்கு எங்க பாதிரியார் தொழில்னு அனுமதி குடுத்திருக்கார். கறிக்குக் குடுக்கல."

தமாஸ் கறிச்சட்டியைத் தட்டால் மூடினான். முகத்தையும் மூடிக்கொள்ள முடிந்திருந்தால் மூடியிருப்பான். பிறகு மண்ணைச் சுரண்டித் தாழியின் மூடியை எடுத்து, நீளக் காம்பு வைத்த சுரைக்குடுக்கையால் ஒயினை மொண்டான். ரேசோ குடித்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயின. போன வருஷத்து வெயிலில் திராட்சைத் தோல் தடித்துப்போய், ஒயினில் துவர்ப்பு ஏறியிருந்தது. நானும் குடித்தேன். பல்லின் மேல் மயிர் முளைத்தது போல இருந்தது.

அக்கா மேசையை நிரப்பினார். வினிகர் தூக்கலாகப் போட்டுப் பிசைந்த பசலைக்கீரை உருண்டை, ஊறுகாய், பிளம் சாற்றில் புளிப்பேற்றிய பயறு. எல்லாமே அதற்கும் முந்தின வருஷத்து ஒயினை நினைத்துச் செய்தவை; இந்தப் புது ஒயினை அவர் இன்னும் நாக்கில் வைத்ததில்லை. பழையது சாதுவானது, புளிப்பை வாங்கிக்கொள்ளும். ரேசோ கீரை உருண்டையைக் கடித்து ஒயினைக் குடித்தார். ஒரு கணம் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல மனிதர், இருமல் என்று காட்டிக்கொண்டார். குவளையை மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு, ஆற்றுப் பக்கத்துக் காற்று நன்றாக இருக்கிறது என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தமாஸ் எழுந்து போய் வேலியோரம் சிகரெட் பற்றவைத்தான்.

அக்கா தம்பியின் முதுகைப் பார்த்தார். பிறகு அவன் விட்டுப்போன குவளையைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். "கோவிச்சுக்கோ, ஆனா அப்புறம் பேசிக்கலாம்" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு வாய் எடுத்தார்.

முப்பது வருஷ நோன்பு அது. அக்கா கண்ணை மூடி நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். திறந்தபோது ஆளே வேறு.

"இந்த வினிகரையெல்லாம் எடு! ஊறுகாயை எடு! யாருடா இதை இங்க வச்சது?" வைத்தது அவர்தான். வாதாட நேரமில்லை, எடுத்தேன். வால்நட்டை உரலில் போட்டு எண்ணெய் கசியும்வரை இடித்தார். பூண்டு, கொத்தமல்லி விதை, வெந்தயப்பொடி. புளிப்பேற்றாத பயறு ஒரு சட்டி தனியாக இருந்தது. அதில் கொட்டிக் கிளறி, உப்பை இரண்டு முறை அள்ளிப் போட்டார். பன்றிக்கறிக்காகப் போட்ட தணலில் காளான்களைக் கவிழ்த்துச் சுட்டு, திருப்பி, ஒவ்வொரு குழியிலும் உப்புக்கல் வைத்தார். குழியில் சாறு ஊறி நின்றது. ஓரம் கருகியது.

"ஐயா, எந்திரிக்காதீங்க. முதல்ல இதை வாயில போடுங்க. முழுங்கறதுக்கு முன்னாடி குடிங்க."

ரேசோ மரியாதைக்குப் போட்டுக்கொண்டார், மரியாதைக்குக் குடித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் மரியாதை எல்லாம் காணாமல் போயிற்று. காளான் தட்டு காலியானது. பயறுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரொட்டியைக் கிழித்து அடிவரை வழித்தார். குவளையை அவரே நீட்டினார். அந்த முரட்டு ஒயின், நம்பினால் நம்புங்கள், வாயில் பட்டுப்போல இறங்கியது. நானே இரண்டு குவளை கூடுதலாகக் குடித்து, அது வேறு ஒயினோ என்று தாழியை எட்டிப் பார்த்தேன்.

"நாலு தாழியும் எனக்கு" என்றார் ரேசோ. தமாஸ் சிகரெட்டைக் கீழே போட்டான். "ஆனா ஒண்ணு. இதை வெறுமனே கொண்டுபோய் வச்சா என் கடையில ஒருத்தன் குடிக்கமாட்டான். அம்மா, நீங்களும் வரணும். சமைக்கணும்."

"அக்கா வராது" என்றான் தமாஸ் உடனே. "அதுக்குக் கடை இருக்கு. எனக்காக அதைப் பட்டணத்துக்கு அனுப்ப முடியாது. ஒயினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவன் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போலும். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"வியாழன்லேர்ந்து ஞாயிறு வரைக்கும்" என்றார் கடைசியில். "திங்கள், செவ்வாய், புதன் என் கடை. எனக்கு அங்க தனி உரல் வேணும். மீன் பக்கத்துல என்னை நிக்கவைக்கக் கூடாது. சரின்னா சரி."

நோன்பு முறித்த பாவத்தை ஈஸ்டருக்கு முன்பே போய் அறிக்கையிட்டுவிட்டார். பாதிரியார் என்ன தண்டனை கொடுத்தார் என்று கேட்டேன். "காளானை எவ்வளவு நேரம் சுட்டேன்னு கேட்டாரு" என்றார்.

போலந்து டிக்கெட்டின் தேதி வந்தது, போனது. அடுத்த வியாழன் காலையில் ஜெமாலின் வேனில் அக்கா முன் இருக்கையைப் பிடித்திருந்தார். தமாஸ் மண்சட்டிகளை வைக்கோல் சுற்றி ஒவ்வொன்றாக ஏற்றினான். இருவரும் வழக்கம்போலச் சண்டை போட்டார்கள்: எந்தச் சட்டி அடியில், எது மேலே. வண்டி கிளம்பப் போகிற நேரம். அக்கா இறங்கி வந்தார். வழியனுப்ப வந்த தம்பியைக் கட்டிக்கொள்ளத்தான் என்று நானும் நினைத்தேன், தமாஸும் நினைத்துக் குனிந்தான். அக்கா அவன் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டு, டிக்கெட் எடுத்த நாளிலிருந்து அங்கேயே கிடந்த அவனுடைய பாஸ்போர்ட்டை உருவினார். வால்நட் மூட்டைக்குள் அடிவரை அதைத் திணித்து, மூட்டையின் வாயை இழுத்துக் கட்டி, இருக்கையில் போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.