ஊசிச் சான்றிதழும் முன்வாசலும்

மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் மண்டபத்துக்கு வருகிறவர்கள் அந்த மார்கழியில் புதிதாக ஒரு பழக்கம் கற்றுக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அதில் தடுப்பூசி போட்டதற்கான சான்றிதழ் இருக்கும். நான் பெயரைப் பார்ப்பேன், நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடிப்பேன், தலையாட்டுவேன். கண்ணாடியை மறந்து வந்தவர்கள் சான்றிதழ் என்று நினைத்துப் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுவதும் உண்டு. ஒரு மாமி மின்கட்டண ரசீதைக் காட்டி, "சரியா இருக்கா பாருங்கோ" என்றார். கட்டணமெல்லாம் சரியாகத்தான் கட்டியிருந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நேசன் வாசலில் நின்று ஆட்களிடம் கடதாசி கேட்கிறானா? நம்முடைய தலைமுறை எப்போதும் நீட்டுகிற பக்கத்தில்தானே நின்றது. அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைக்காமல் கிணற்றடிக்குக்கூடப் போகாத ஆட்கள் நாம். இந்த நகரத்துக்கு நான் வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. வந்த புதிதில் ஒரு மாலை இதே மண்டபத்தில் பாட்டுச் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றேன். கை தானாகப் பைக்குள் போய் அட்டையை எடுத்துவிட்டது. காவலாளி அதை வாங்கவே இல்லை. "இன்னா சார், டிக்கெட்டா? ஃப்ரீதான், உள்ள போ" என்றார். நான் நகரவில்லை. ஏதோ பொறி என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அவர் என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். உள்ளே மின்விசிறிக்குக் கீழே ரிக்‌ஷாக்காரர் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எவரும் வந்து உட்காரலாம், தூங்கலாம், எழுந்து போகலாம். அன்றைக்கே எனக்கு இந்த ஊர் பிடித்துப்போயிற்று. பிறகு அந்த மண்டபத்திலேயே வேலையும் கிடைத்தது. சாவி, ஒலிபெருக்கி, வேலையாட்களின் முறை எல்லாம் இப்போது என் பொறுப்பு.

அப்படிப்பட்ட வாசலுக்குக் கட்டுப்பாடு வந்தது சும்மா வரவில்லை. இரண்டாவது அலை ஓய்ந்து மறுபடியும் கச்சேரிகள் தொடங்கலாம் என்றபோது கமிட்டிக்காரர்கள் இரண்டு மாலை கூடி வாதாடினார்கள். ஒரு ஊசியாவது போட்டவர்களைத்தான் உள்ளே விட வேண்டும் என்றார் கமிட்டியில் இருந்த டாக்டர். "தி.நகர்ல ஜவுளிக்கடையில தோளோட தோள் ஒரசிண்டு போறா. அங்க யாரு கேக்கறா? பாட்டு கேக்க வரவாகிட்ட மட்டும் எதுக்கு?" என்றார் இன்னொருவர். ஊசி அவரவர் இஷ்டம் என்றது ஒரு குரல். முன்வரிசை முழுக்க எழுபது வயதுக்காரர்கள், அவர்களுடைய இஷ்டத்தை யார் கேட்பது என்றது மற்றொன்று. கடைசியில் செயலாளர் சேஷாத்ரி சார் பேசினார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தச் சித்திரையில் மனைவியைப் பறிகொடுத்தவர். "சான்றிதழ் இருந்தா உள்ளே. இல்லேன்னா இல்லே" என்றார். அதுவே தீர்மானமாயிற்று. ரசிகர்களைப் பற்றித்தான் அத்தனை வாதமும். பின்வாசலால் வந்து கூட்டிப் பெருக்குகிறவர்களைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

சேஷாத்ரி சாரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஊசி கிடைத்ததே அவரால்தான். என்னிடம் ஆதார் கிடையாது. அகதிகளாக வந்த நம்மவர்களுக்குத் தருகிற பதிவு அட்டைதான் உண்டு. ஊசி முகாமில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கணினியில் ஏறாது என்றாள். சரி, போகட்டும் என்று திரும்பிவிட்டேன். சேஷாத்ரி சார் விடவில்லை. மறுநாள் அவரே என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், மேசைக்கு முன்னால் நின்று, "இவர் எங்க மண்டபத்து மனுஷர். இவருக்கு நான் பொறுப்பு" என்றார். எப்படியோ ஏறிவிட்டது. எனக்கு ஊசி குத்தியது தெரியவில்லை, கண்ணில் நீர் நின்றது. ஒருவர் எனக்காகப் பொறுப்பேற்றது அது இரண்டாவது முறை.

முதல் முறை என் அண்ணன். ஊரை விட்டு வெளிக்கிட பாஸ் வேண்டியிருந்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. இளம் பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால், முப்பது நாளில் திரும்பி வருவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், வராவிட்டால் பதில் சொல்ல ஒருவர் பிணை நிற்க வேண்டும். அண்ணன் தேநீர் குடிக்கப் போகிறவர் போலப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். கொழும்பில் கண் வைத்தியம் என்று எழுதியிருந்தது. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பி வரமாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் பாஸ் கொடுத்தவர்கள் அண்ணனைக் கூப்பிட்டார்கள். நாலு மாதம் அவர் வீட்டுக்கு வரவில்லை. பின்னால் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒண்டும் இல்லையடா, நல்லாத்தான் இருந்தனான்." இப்போது ஊருக்குப் போகலாம். ஆனால் என் அட்டையோடு போனால் திரும்பி வர முடியுமா என்பதை யாரும் நிச்சயமாகச் சொல்வதில்லை. மனைவியும் மகளும் இங்கே கொட்டிவாக்கத்தில் இருக்கிறார்கள். அதனால் அண்ணனைக் கைப்பேசித் திரையில்தான் பார்க்கிறேன். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. பாதி நெற்றியும் வீட்டுக் கூரையும்தான் வரும்.

இனி அமுதாவைச் சொல்ல வேண்டும். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். காலையில் இங்கே வேலை முடித்துவிட்டு இன்னும் நாலு வீடுகளுக்குப் போவாள். முதல் நாளே என்னை "சிலோன் அண்ணே, நீ சாப்ட்டியா?" என்று கேட்டவள். அந்த 'நீ' என்னைச் சுட்டது. நம் ஊரில் பெட்டிக்கடைக்காரர்கூட 'நீங்கள்' என்பார். இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்து, "குடி நீ, அப்பால கோவிச்சுக்கோ" என்று நீட்டினாள். அதற்குப் பிறகு யாராவது என்னை 'நீங்க' என்றால்தான் யோசிக்கிறேன்.

அவளுடைய மகள் திவ்யாவுக்குப் பதின்மூன்று வயது, ஊசி இன்னும் வராத வயது. தாய்க்காகக் காத்திருந்த மாலைகளில், மண்டபத்து மாடியில் நடக்கும் பாட்டு வகுப்பைக் கேட்டுக் கேட்டுத் தானாகப் பாடத் தொடங்கியவள். வகுப்பு நடத்தும் அம்மா அவளைச் சேர்த்துக்கொண்டார். அந்த மார்கழியில் பிள்ளைகளின் கச்சேரியில் அவளுக்குத் தனியாகக் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் மேடை. முன்வரிசையில் பெற்றோருக்கு இரண்டு நாற்காலி. தகப்பன் இல்லாத பிள்ளை, அமுதாவுக்கு ஒன்றே போதும். அமுதா வாரக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். இந்த வருடம் முன்வாசலால் வரப்போகிறேன் என்று கன்டீன் மாஸ்டரிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை அவள் வந்தாள். வேலை செய்யும் வீடு ஒன்றில் கொடுத்த அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, முகக்கவசம். வரிசையில் அவளுக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் பத்துப் பேர். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன்.

"இன்னாண்ணே, நாந்தான், அமுதா. அடையாளம் தெர்லயா?" என்று முகக்கவசத்தை இறக்கிச் சிரித்தாள்.

"தெரியுது அமுதா. சான்றிதழ்?"

"என்கிட்டயேவா? காலைல நான்தானே இந்த நாற்காலியெல்லாம் தொடச்சேன்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, ஊசி போட்டாயா என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"நீதானண்ணே சொன்ன, மார்கழி முடியட்டும்னு."

கோபமாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. கார்த்திகைக் கடைசியில் அவள் என்னிடம் வந்து கேட்டிருந்தாள். "எங்க தெருவாண்ட ஊசி வண்டி வர்தாம்ணே. போட்டுக்கினா ரெண்டு நாளு ஜொரம் அடிக்குமாம். நான் ரெண்டு நாளு வரலைனா வூட்டுக்காரம்மாங்க நாலு பேரும் வேற ஆள வெச்சிப்பாங்க. இங்க நீ லீவு குடுத்தா, அவங்க கைல கால்ல வுழுந்து பாக்குறேன்." நான் கச்சேரிப் பட்டியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மார்கழி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். சொன்னதோடு மறந்தும் போனேன். ஊசி போட விடாதவன் நான். இப்போது ஊசி போடவில்லை என்று மறிக்கிறவனும் நானே.

வரிசையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். சேஷாத்ரி சார் மேடைக்குப் பக்கத்தில் நின்றார். "சார், அமுதாவை உள்ளே விடுங்கோ. அவவுக்கு ஊசி இல்லாமல் போனது என்னுடைய பிழை. நான் பிணை நிக்கிறன்" என்றேன். பதற்றத்தில் ஊர்ப் பேச்சே வந்துவிட்டது.

"நீங்க பொறுப்பு எடுத்துப்பேள் நேசன். கிருமி எடுத்துக்குமா?" என்றார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "சித்திரையில எங்காத்துக்கு ஒருத்தர் பத்திரிகை வைக்க வந்தார். லேசா ஜலதோஷம், வேற ஒண்ணுமில்லேன்னார். அவர் நன்னா இருக்கார். லலிதாதான் போயிட்டா. அவரை நான் குத்தம் சொல்லலே. ஆனா அன்னிக்கு வாசல்ல யாராவது ஒருத்தர் நின்னு தடுத்திருக்கப்படாதான்னு தினம் நெனைச்சுக்கறேன்."

முன்வரிசையில் வெள்ளைத் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அவர் சொன்னது நியாயம். அமுதா கேட்டதும் நியாயம். அநியாயம் செய்தவன் நான் ஒருவன்தான்.

வாசலுக்கு வந்தபோது அமுதா அங்கே இல்லை. கன்டீன் மாஸ்டர் என்னை முறைத்துவிட்டு, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சும்மாவா சொன்னாங்கோ" என்றார். கச்சேரி தொடங்கியது. திவ்யாவின் முறை வந்தபோது கதவைச் சற்றுத் திறந்து எட்டிப் பார்த்தேன். பிள்ளை மேடையில் அமர்ந்து முன்வரிசையைத் தேடினாள். நாற்காலி இரண்டும் காலி. சுருதி ஒலிக்கிறது, அவள் வாய் திறக்கவில்லை. பாட்டு டீச்சர் கீழிருந்து கையசைக்கிறார். அப்போது மேடையின் இடப்பக்கத் திரை ஓரத்தில் அரக்கு நிறம் அசைந்தது. பின்வாசலால் வந்து நிற்கிறாள் அமுதா. பட்டுப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் விளக்குமாறு. மண்டபத்தில் விளக்குமாறு வைத்திருப்பவளிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. திரை ஓரத்தில் தெரிந்த அந்த அரக்குத் துணியைத் திவ்யா கண்டுகொண்டாள். பிறகு பாடினாள்.

சேஷாத்ரி சாரும் பார்த்துவிட்டார். எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. முகக்கவசத்தை ஒருமுறை சரிசெய்துகொண்டு வெளியே வந்து, என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். பிள்ளை பாடி முடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். கைதட்டல் கேட்டபோது அவரும் வெளியில் இருந்தபடியே தட்டினார்.

எல்லாம் முடிந்து அமுதா என்னைத் தாண்டிப் போனாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அய்ய, வுடுண்ணே. அங்க நின்னுகினே நல்லா பாத்தேன். கொழந்த மூஞ்சி ஃபுல்லா தெரிஞ்சுது" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாளே அவளுக்கு லீவு கொடுத்தேன். நாலு வீட்டுக்காரர்களிடமும் சேஷாத்ரி சாரே தொலைபேசியில் சொன்னார். ஊசி போட்டுக்கொண்டாள், இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. அந்த இரண்டு நாளும் மண்டபத்தை நான்தான் கூட்டினேன். இதற்கிடையில் தொற்று மறுபடி ஏறுகிறது என்று மிச்சக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். காலி மண்டபம். மேடைப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்து, அவள் நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அங்கிருந்து பாடுகிறவர் உட்காரும் இடம் முழுதாகத் தெரியாது. திரை மறைக்கிறது. தெரிவது தம்புரா வைக்கும் மூலையும், பிள்ளையின் ஒரு தோளும் பின்னலும் வந்திருக்கக்கூடிய ஒரு சாண் இடமும்தான். நான் இப்படிச் சாய்ந்தும் எக்கியும் பார்த்தேன். முகம் தெரிய வழியே இல்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் அழைத்தார். விளக்குமாற்றைக் கைமாற்றிக்கொண்டு கைப்பேசியை எடுத்தேன். வழக்கம்போல வீட்டுக் கூரை, சுவரில் ஒரு பல்லி, கீழே நரைத்த பாதி நெற்றி. அந்த நாலு மாதத்தைப் பற்றி இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

"நேசன், சாப்பிட்டனியே? நான் தெரியிறனோ உனக்கு?"

"ஓம் அண்ணை" என்றேன். "நல்லாத் தெரியுது."