என் குரல் சொன்ன திசை

விசாரணைக்கு வந்த மூன்று அதிகாரிகளிடம் நான் சத்தியம் செய்து சொன்னதுதான் இது. ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பிறகு தெரிந்ததை மட்டும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். மூத்த அதிகாரி பாதியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டார். மற்ற இருவரும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்களாவது கடைசிவரை கேளுங்கள்.

என் பெயர் குழந்தைசாமி. 1957-ல் எனக்கு இருபத்தேழு வயது. கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே முந்திரிக் காட்டுக்கு நடுவில், யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. உள்ளே ஒரு ரேடியோ, ஒரு டெலிபோன், ஒரு மேஜை. மின்சாரத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு டீசல் என்ஜின். அதை ஓட்ட வீரய்யா என்று ஒருவர். எங்கள் நிலையத்தில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

மேகத்துக்குள் கண் தெரியாமல் வரும் விமானிக்குத் திசை சொல்வதுதான் என் வேலை. அவர் ரேடியோவில் பேசும்போது, கூரை மேல் இருக்கும் ஏரியலை நான் ஒரு சக்கரத்தால் திருப்புவேன். ஓர் இடத்தில் அவர் குரல் அப்படியே அடங்கிவிடும். அதை வைத்து அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, எத்தனை டிகிரியில் வர வேண்டும் என்று சொல்வேன். சக்கரத்தை எங்கே திருப்பினாலும் குரல் அடங்கினால், விமானம் நேராக என் தலைக்கு மேலே இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு அவரைக் கிழக்கே அனுப்ப வேண்டும். கிழக்கே சமவெளி. அங்கே மெல்ல இறங்கி மேகத்துக்குக் கீழே வந்து, திரும்பி ஓடுபாதையைப் பிடித்துவிடலாம். மேற்கே மட்டும் இறக்கக் கூடாது. பதினெட்டு மைலில் பாறைக் குன்றுகள்.

வியாழக்கிழமைதோறும் இலங்கையிலிருந்து ஒரு சரக்கு விமானம் அந்த வழியாகப் போகும். அதன் கேப்டன் மரியசெல்வம். ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர். நாங்கள் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ரேடியோவில் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பது விதி. நம்பர்களை மட்டும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் அவர் ஊர்ப் பேச்சில்தான் பேசுவார். என் மகள் பிறந்த சேதியை மனைவி வீட்டாருக்கு அடுத்து நான் சொன்னது அவரிடம்தான்.

நவம்பர் 21. வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை.

மதியம் 3.05-க்குத் தலைமை நிலையத்தோடு ரேடியோவைச் சோதித்தேன். வழக்கம்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். எண்ணி முடித்ததும் என் குரலே காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் திரும்பக் கேட்டது. ஒன்று... இரண்டு... மூன்று... இரண்டு விநாடி தாமதமாக.

மழை ஈரத்துக்கு ரேடியோ அப்படித்தான் எதிரொலிக்கும் என்றார் வீரய்யா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3.40-க்கு மறுபடி சோதித்தேன். இப்போது தாமதம் ஒரு விநாடிதான்.

4.20-க்குத் தாமதமே இல்லை. நான் பேசப் பேச, கூடவே பேசியது. எனக்கு அன்று சளி பிடித்திருந்தது. அந்தக் குரலுக்கும் சளி பிடித்திருந்தது.

4.51. மரியசெல்வம் கூப்பிட்டார்.

"தம்பி, மின்னல் வெட்டுனதுல வழி காட்டுற ரேடியோ மீட்டரு போச்சு. முள்ளு பம்பரமாச் சுத்துது. உயரம் காட்டுற மீட்டரும் காம்பஸும்தான் மிச்சம். ஒன்ன நம்பித்தான் வாரேன்."

விமானத்தில் அவரோடு நாலு பேர் இருந்தார்கள். வடக்கே பெரிய விமான நிலையத்தில் மழையால் எதுவும் இறங்க முடியவில்லை. எங்கள் ஓடுபாதையில்தான் இறங்கியாக வேண்டும். வாங்க அண்ணே என்றேன். சக்கரத்தைத் திருப்பினேன். அவர் குரல் அடங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டேன். த்ரீ ஃபோர் ஜீரோ. அந்தத் திசையில் வந்தால் நேராக என்னிடம் வருவார்.

சொல்ல வாயைத் திறந்தேன். பேசும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

"த்ரீ ஃபோர் ஜீரோ, அண்ணே."

ஹெட்போனில் என் குரல்.

"த்ரீ ஃபோர் ஜீரோ. சரி தம்பி" என்றார் மரியசெல்வம்.

என் கை பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் பேசவில்லை. ஆனால் நம்பர் சரி. அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டேன். நானே அறியாமல் அழுத்திவிட்டேனோ என்று நினைத்தேன். விசாரணையில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதும் இதைத்தான். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று.

5.09-க்கு விமானம் தலைக்கு மேலே வந்தது. மேகத்துக்குள் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஓடுகள் அதிர்ந்தன. இந்த முறை பொத்தானை நன்றாக அழுத்தினேன். விரல் நகம் வெளுத்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தலைக்கு மேல இருக்கீங்க அண்ணே. கிழக்க போங்க. ஜீரோ நைன் ஜீரோ."

ஹெட்போனில் என் குரல் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"...மேக்க போங்க. டூ சிக்ஸ் ஜீரோ."

மரியசெல்வம் கொஞ்சம் தயங்கினார்.

"மேக்கயா தம்பி? எப்பவும் கிழக்கதானே?"

கிழக்கே, கிழக்கே என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது. அவருக்கு அது கேட்கவில்லை.

"கிழக்க மழை கொட்டுது அண்ணே" என்றது அது. இருமியது. "மேக்க வெளிச்சமா இருக்கு. பயப்படாம எறங்குங்க."

"சரி தம்பி."

5.12. டெலிபோனை எடுத்துத் தலைமை நிலையத்தைக் கூப்பிட்டேன். பணியில் இருந்தவர் சிவசாமி. ரேடியோவில் பேசுவது நான் இல்லை, விமானத்தை நிறுத்துங்கள் என்றேன். அவர் மேஜையில் இருந்த ரேடியோவின் சத்தம் டெலிபோன் வழியாக எனக்குக் கேட்டது. அதில் என் குரல் உயரம் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் அடி... ஆயிரத்து ஐந்நூறு...

"யோவ்" என்றார் சிவசாமி, மெதுவாக. "போன்ல யாரு பேசுறது?"

அதோடு லைன் அறுந்தது.

5.14. அது எங்கிருந்துதான் பேசுகிறது? சக்கரத்தைப் பிடித்தேன். வடக்கே திருப்பினேன். குரல் அடங்கியது. தெற்கே திருப்பினேன். அடங்கியது.

கிழக்கு. மேற்கு.

எங்கே திருப்பினாலும் அடங்கியது.

விமானம் ஐந்து நிமிஷத்துக்கு முன்பே போய்விட்டது. அப்படியானால் என் தலைக்கு மேலே இருப்பது...

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓட்டின் மேல் மழை பெய்யும் சத்தம். என் நாற்காலிக்கு நேர் மேலே மட்டும், ஓர் ஆள் அகலத்துக்கு, அந்தச் சத்தம் இல்லை.

5.15. என்ஜினை நிறுத்தச் சொல்லி வீரய்யாவைக் கூப்பிட்டேன். மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று நம்பினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என்ஜின் இருமி நின்றது. விளக்கு அணைந்தது. ரேடியோவின் சிவப்பு வெளிச்சம் மெல்லச் செத்தது.

அமைதி.

வீரய்யா நனைந்துபோய் வாசலில் வந்து நின்றார். நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

மின்சாரம் இல்லாத அந்த ஹெட்போனிலிருந்து... சன்னமாக...

"எண்ணூறு அடி தம்பி. இன்னும் தரை தெரியல."

"இன்னும் கொஞ்சம் எறங்குங்க அண்ணே."

வீரய்யா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்றார். "வாய் அசையலயே..."

"எழுநூறு."

"எறங்குங்க."

"அறுநூறு. தம்பி, முன்னால ஏதோ கருப்பா..."

"எறங்குங்க."

5.18.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நாற்காலிக்கு மேலே ஓட்டில் மழைச் சத்தம் திரும்ப வந்தது.

விசாரணை பதினோரு நாள் நடந்தது. தனக்கு டெலிபோனே வரவில்லை என்றார் சிவசாமி. ரேடியோவில் திசை சொன்னது சந்தேகமில்லாமல் குழந்தைசாமியின் குரல்தான் என்றும், அவருக்கு அன்று சளி பிடித்திருந்தது என்றும் எழுதிக் கொடுத்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ஜின் கொட்டகையை விட்டுத் தான் வெளியே வரவே இல்லை என்றார் வீரய்யா. அவருக்கு ஐந்து பிள்ளைகள். கேப்டனின் மனைவி சொர்ணம் கடைசி நாள் வந்திருந்தார். நான் வணக்கம் சொல்ல வாயெடுத்ததும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

என் வேலை போனது. சிறைக்கு அனுப்பவில்லை. கவனக்குறைவு என்று முடித்தார்கள். தீர்ப்பில் ஒரே ஒரு வரிதான் எனக்கு ஆறுதல். விமானம் பாறையில் மோதிய கணமே ஐந்து பேரும் இறந்துவிட்டார்கள், யாருக்கும் வேதனை இருந்திருக்காது என்று எழுதியிருந்தது. அந்த வரியைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

பிறகு புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை.

1959 மாசி மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்தக் குன்றுக்குப் போனேன். மரியசெல்வத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரலாம் என்று. காலை பத்து மணி. நல்ல வெயில். அடிவாரத்தில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஏரோப்பிளேன் விழுந்த இடம் எது என்று கேட்டேன்.

அவள் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவ பேசுங்க" என்றாள்.

என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். அவள் இரண்டு எட்டு பின்னால் போனாள்.

அவள் பெயர் மூக்காயி. அன்றைக்கு மழைக்கு ஒதுங்கி ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கிறாள். விமானம் மோதியதைப் பார்த்திருக்கிறாள். அதிகாரிகள் ஊர்ப் பெரியவர்களைத்தான் விசாரித்தார்களாம். ஆட்டுக்காரியை யாரும் கேட்கவில்லை.

"மூக்குப் பக்கம் நசுங்கிப் போச்சு. ஒடனே தீப்பிடிக்கலங்க" என்றாள். "உள்ள ஒருத்தரு உசுரோட இருந்தாரு. வெள்ளச் சட்ட, தோள்ல பட்ட வச்சவரு. கதவத் தள்ளித் தொறந்துட்டாரு. ஒரு கால வெளிய வச்சுட்டாரு."

அவள் குன்றைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"அப்பத்தான் உள்ளேருந்து ஒரு பொட்டி பேசுச்சு. 'அசையாதீங்க அண்ணே. ஆளு அனுப்பிருக்கேன். உள்ளயே ஒக்காந்திருங்க'ன்னு. இருமிக்கிட்டே பேசுச்சு. அவரு 'சரி தம்பி'ன்னு சொல்லிக் கால உள்ள எடுத்துக்கிட்டாரு. நான் இங்கிட்டு இருந்து கத்துறேன், அவரு காதுல விழுகல. ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு. கடசியா தீப்பிடிச்சப்பவும் அது ஒக்காரு ஒக்காருன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவசரமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றாள்.

"ஏங்க அவர ஒக்காரச் சொன்னீங்க?"