என் முதல் கலியாண அழைப்பு

எங்கள் ஊர்ச் சனத்துக்கு வயலின் என்றால் ஒரே அர்த்தம்தான். பெரிய தலைவர் யாராவது செத்தால் வானொலியில் பாட்டை நிறுத்திவிட்டு நாள் முழுக்க வயலினை இழுப்பார்கள். இது தெரியாமல் நான் இந்தியாவில், அகதி முகாமில் இருந்த காலத்தில், அதையே படித்து அரங்கேற்றமும் செய்துவிட்டேன். சண்டை ஓய்ந்து தோட்டவெளிக்குத் திரும்பிய மறுநாளே தகரக் கொட்டிலுக்குள் உட்கார்ந்து ஆனந்தபைரவி வாசித்தேன். கலியாண வீடுகளில் வாசிக்கிற ராகம். அங்கே வாசித்துப் பேரெடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையே.

கொஞ்ச நேரத்தில் செபமாலையும் கையுமாகப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அப்பா வாசலில் பாய் போட்டு, முகத்தில் மொய்க்கிற இலையான் தொல்லைக்காகத் தலையோடு போர்த்துக்கொண்டு படுத்திருந்தார். போதாதா?

"ஐயோ, நேற்றுத்தானே கடற்கரையில கண்டு கதைச்சனான்!" என்று ஒருத்தி அவர் காலைப் பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினாள். அப்பா போர்வையை விலக்கி எழும்பினார். கூட்டத்தைக் கண்டதும் அவருக்கே நெஞ்சு பதறிவிட்டது.

"பிள்ளை, ஆர் செத்தது?" என்றார் என்னிடம்.

அன்றோடு ஊரில் என் பேர் நிலைத்துவிட்டது. செத்தவீடு என்றால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். கலியாணம் என்றால் மூச்சு விடமாட்டார்கள். முன்வீட்டுக்காரி மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தவள், போகும்போது திரும்பி நின்று, "கட்டாயம் வந்து சாப்பிடவேணும். அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில வைச்சிட்டு வாங்கோ" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் வில்லை முறித்து அடுப்பில் வைத்திருப்பேன்.

பக்கத்து வளவு மாமி, சண்டையின் கடைசி மாதங்களில் மகனைத் தொலைத்தவர். இருக்கிறானா இல்லையா என்று ஒரு செய்தியும் இல்லை. அவன் ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி ஊரே அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு பின்னேரம் நல்ல சேலை உடுத்திக்கொண்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். ஊர் வென்றுவிட்டது என்று நினைத்தேன்.

"எப்ப மாமி பூசை?" என்றேன், மெதுவாக.

"ஆருக்கடி பூசை?" மாமி சீறினார். "என்ர பொடியன்ர கலியாணத்துக்கு உன்னைப் பேச வந்தனான். அவன் வரட்டும். நீதான் வாசிக்கோணும். அண்டைக்கு வாசிச்சியே, அதைத்தான்."

வாசிக்கச் சொல்லி எனக்கு வந்த முதல் கலியாண அழைப்பு. "ஓம் மாமி" என்றேன்.

நாள் இன்னும் குறிக்கவில்லை. ஆனாலும் மாமி விடுகிறாரா? வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "பிள்ளை, அது மறந்துபோகேல்லையோ?" என்பார். நான் வயலினை எடுத்து ஆனந்தபைரவியை வாசித்துக் காட்டுவேன்.